பட்டப்பெயரால் பறிபோன பட்டம்

ஸ்பெயின் என்ற ஒரே நாடு உருவாவதற்கு முன் அங்கே காஸ்டில் என்றொரு ராஜ்யம். அதன் ராஜா நான்காம் என்ரிக்குக்கு, 'ஆண்மையற்றவர்' என்று ஊரெல்லாம் பெயர். 13 வருடம் குடும்பம் நடத்தியும் (குடும்பம்தானா?) முதல் மனைவி கன்னியாகவே இருக்கிறாள் என்று 1453-ல் அந்தத் திருமணத்தை ரத்து செய்தார்கள். காரணம், செய்வினையாம்! ராஜாவின் மானத்தைக் காப்பாற்ற செகோவியா நகரத்து விலைமாதர்கள் சாட்சி சொன்னது தனிக் கூத்து.

அப்படிப்பட்டவருக்கு 1462-ல், இரண்டாவது மனைவியான போர்ச்சுகல் இளவரசி மூலம் பெண் குழந்தை பிறந்தால் சும்மா இருப்பார்களா? இருந்தார்கள்! 'ஹுவானாதான் அடுத்த வாரிசு' என்று பிரபுக்கள் வரிசையில் நின்று சத்தியம்கூடச் செய்தார்கள். பிறகு ராஜா தன் செல்லப்பிள்ளை பெல்ட்ரானுக்குப் பதவி மேல் பதவியாக அள்ளிக் கொடுக்க, மற்றவர்களுக்கு வயிறு எரிந்தது. அப்புறம்தான் குழந்தை முகத்தில் பெல்ட்ரானின் ஜாடை தெரிய ஆரம்பித்தது! 'பெல்ட்ரானேகா' - பெல்ட்ரான் மகள் - என்ற பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டது.

1465-ல் ஆவிலா நகரத்தில் மேடை போட்டு, ராஜாவைப் போல் ஒரு பொம்மையை உட்காரவைத்து, கிரீடத்தைக் கழற்றிக் கீழே தள்ளினார்கள். கழற்றிய கை, டொலேடோவின் பேராயர் கரில்லோவுடையது. மிரண்டுபோன ராஜா 1468-ல் 'தங்கை இசபெல்லாவே வாரிசு' என்றார். 1470-ல் 'இல்லை, என் மகள்தான்' என்றார். 1474 டிசம்பரில் அவர் கண்ணை மூட, செய்தி வந்த கையோடு இசபெல்லா முடிசூட்டிக்கொண்டார்.

ஹுவானாவுக்காகப் படையெடுத்து வந்தவர் போர்ச்சுகல் ராஜா ஐந்தாம் அஃபோன்சோ. அவளுக்கு 13 வயது, அவருக்கு 43. கல்யாணமும் பேசி முடித்தாயிற்று. தாய்மாமன்தான்! நமக்கு இது புதிதில்லை. அங்கே போப் அனுமதி வேண்டும்.

இனிதான் வேடிக்கை. இந்த யுத்தத்தில் 'உண்மையான அப்பா' பெல்ட்ரான் யார் பக்கம்? இசபெல்லா பக்கம்! கிரீடத்தைக் கழற்றிய கரில்லோ? ஹுவானா பக்கம்! ரத்தம் யாருடையது என்பதில் ஒருவருக்கும் அக்கறை இல்லை. இசபெல்லாவின் கதை மட்டும் ஒழுங்கா என்ன? 1469-ல் அவர் உறவுக்காரரான ஃபெர்டினாண்டை மணந்தபோது காட்டிய போப் அனுமதியே போலி. ஐந்து வருடம் முன்பு செத்துப்போன போப்பின் பெயரில் தயாரித்தது. முறையான அனுமதி 1471-ல்தான் வந்தது. அதற்குள் மூத்த மகள் பிறந்தாயிற்று. கறாரான ஆடிட்டர் யாராவது இருந்திருந்தால், ஹுவானாவுக்கு வைத்த கேள்வியை அந்தக் குழந்தைக்கும் வைத்திருப்பார்!

ஹுவானா ஜெயித்திருந்தால்? காஸ்டிலும் போர்ச்சுகலும் சேர்ந்திருக்கும். அராகன் தனியாக நின்றிருக்கும். கொலம்பஸ் கதவைத் தட்டியிருக்க வேண்டியது அஃபோன்சோவின் மகன் இரண்டாம் ஜுவாவோவிடம். நிஜத்தில் அவர்தான் கொலம்பஸை முதலில் திருப்பி அனுப்பியவர்! அமெரிக்கா கண்ணில் படாமலே போயிருக்காது. 1500-ல் இந்தியாவுக்குக் கிளம்பிய கப்ரால் போகிற வழியில் பிரேசிலில் ஒதுங்கினாரே. எனக்கு உறுத்துவது யூதர்கள் விஷயம். 1492-ல் இசபெல்லாவும் ஃபெர்டினாண்டும் அவர்களை விரட்டினார்கள். 1496-ல் போர்ச்சுகலும் விரட்டியது... இசபெல்லாவின் மகளைக் கட்டிக்கொள்ள அது ஒரு நிபந்தனை! வெறுப்பு 1391 கலவரத்திலேயே இருந்ததுதான். ஆனாலும் அந்த இரண்டு உத்தரவுகளில் இரண்டாவதாவது தப்பியிருக்கும் என்பது என் கணிப்பு.

1479-ல் சமாதானம். ஹுவானாவுக்கு இரண்டே வழி: இசபெல்லாவின் ஒரு வயது மகன் வளர்ந்து 'சரி' என்று சொல்லும்வரை காத்திருக்கலாம், அல்லது கன்னியாஸ்திரீ ஆகலாம். கன்னியர் மடத்தையே தேர்ந்தெடுத்தாள். 1504-ல் இசபெல்லா இறந்ததும், ஃபெர்டினாண்டே அவளுக்குக் கல்யாணத் தூது அனுப்பினார் என்று ஒரு பேச்சு உண்டு. மறுத்துவிட்டாளாம். 1530-ல் லிஸ்பனில் இறக்கும்வரை அவள் போட்ட கையெழுத்து: 'நான், அரசி'.