உதடும் உணர்ச்சியும்

பிளந்த உதட்டோடு பிறந்த குழந்தையை நம்மவர் ‘கிரகண மூளி’ என்பர். கர்ப்பவதி கிரகணத்தைப் பார்த்ததன் பயன் என்று தாயையே பழிப்பர். கருவில் 4ஆம் வாரத்துக்கும் 7ஆம் வாரத்துக்கும் இடையில் முகத்தின் பகுதிகள் முற்றாக ஒன்றுசேராமையே இக்குறை. சூரியனும் குற்றவாளியல்ல, தாயும் குற்றவாளியல்லள்.

குறைபட்ட முகத்தைச் சீராக்கும் வித்தை நமக்குப் புதியதன்று. காது, மூக்கு, உதடு ஆகியவற்றை ஒட்டும் விதிகளைச் சுசுருத சங்கிதை கூறுகின்றது. மூக்கிற்குக் குழல் வைத்தல் வேண்டும், உதட்டிற்கு அது வேண்டா என்னும் நுட்பமும் அங்குண்டு. ஆனால் அவ்வித்தை பிற்காலத்தில் யார் கையில் வாழ்ந்தது? திப்பு சுல்தானுடன் நடந்த போரில் மூக்கறுபட்ட கவாஸ்ஜி என்னும் மாட்டு வண்டிக்காரருக்குப் பூனாவின் அருகே நெற்றித் தோலால் புதுமூக்கு அமைத்தவர், செங்கல் செய்யும் குலத்தவர் ஒருவர். 1794இல் இலண்டன் சஞ்சிகையொன்று அச்செய்தியை வெளியிட்டது. அதைக் கற்ற கார்ப்யூ 1814இல் அங்கு அம்முறையைச் செய்துகாட்டினார். ஏட்டைப் போற்றிய நாம் அந்தக் கைவினைஞரின் பெயரைக்கூடக் காக்கவில்லை!

1898இல் நியூயோர்க் வைத்தியர் இராபர்ட் அபே, கீழுதட்டில் ஒரு துண்டை எடுத்து மேலுதட்டின் குறையை நிரப்பினார். இரத்தக்குழாய் செல்லும் ஒரு சிறு பாலம் அத்துண்டைச் சில நாள் போஷித்தது. பின்னர் பாலமும் வெட்டப்பட்டது. நரம்பறுந்த அத்துண்டுக்கு உணர்ச்சி வருமா?

இவ்வினாவுக்கு வழிகாட்டியவர் ஹென்றி ஹெட். 1903இல் அவர் தம் கைநரம்பையே அறுத்துத் தைப்பித்தார். நீலகிரித் தோதவரை ஆராய்ந்த றிவேர்ஸ் அவரை ஊசியாலும் சூட்டாலும் குளிராலும் ஆண்டுக்கணக்கிற் சோதித்தார். முரட்டு நோவு முன்னும் மெல்லிய தொடுகை பின்னும் மீண்டன. நரம்பு நாளொன்றுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீற்றரே வளரும் என்பதை இன்று அறிவோம். மாற்றிவைத்த உதட்டிலும் நோவு முதலில் வரும். தொடுகை, குளிர்ச்சி தொடரும். சூடு கடைசியில் வரும். இதற்கு ஓராண்டு வரை செல்லலாம்.

ஆகவே, மரத்த உதட்டைக் கண்டு, “சத்திரசிகிச்சை பிழைத்தது” என்று உடனே கலங்க வேண்டா. ஆயினும் சூடறியாத உதட்டில் கொதிக்கும் தேத்தண்ணீர் படலாகாது. ஆறவைத்தே கொடுக்க வேண்டும். இளைஞர்காள்! அட்டனிலும் நுவரெலியாவிலும் லயம்தோறும் இதை எடுத்துரைப்போம். பிள்ளையை மறைத்து வைக்கும் பெற்றோரை வைத்தியரிடம் அழைத்துச் செல்வோம். உதட்டில் உணர்ச்சி மீள மாதங்கள் ஆகும். அயலாரைப் பழிக்கும் நாவில் உணர்ச்சி பிறக்க ஒரு நாள் போதும்.