தம்தம் முதல் இச்சாப்பூர் வரை: தோட்டா நிரப்பிய கதை

லீவுக்கு வந்திருக்கும் மகள் போன ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு ஹாலில் உட்கார்ந்து பகடை உருட்டிக்கொண்டிருந்தாள். தாயக்கட்டை இல்லைங்க. ஷேடோரன் என்று 1989-ல் அமெரிக்காவில் வந்த விளையாட்டு. ஆளுக்கொரு பாத்திரம், அதற்குப் பணம், அந்தப் பணத்தில் ஆயுதம் வாங்கணும். திடீரென்று என்னைக் கூப்பிட்டாள்.

"அப்பா, ஸ்பீட் லோடர்னு ஒண்ணு போட்டிருக்கு. ரிவால்வர்தான் வாங்கியாச்சே, இதுக்கு வேற தனியா காசு அழணுமா?"

"முதல்ல அதை வாங்கு" என்றேன். பி.காம் படித்து வங்கியில் குப்பை கொட்டுகிற எனக்குத் துப்பாக்கி பற்றி என்ன தெரியும் என்கிறீர்களா? எங்கள் கிளைக் காவலாளி சொல்லிக்கொடுத்தது. பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். கையில் இரட்டைக் குழல் துப்பாக்கி, இடுப்புப் பட்டையில் வரிசையாகத் தோட்டாக்கள். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "சாப், ரெண்டு தடவை சுடலாம். அதுக்கப்புறம் மடக்கித் திறந்து மறுபடி ரெண்டு போடுற வரைக்கும் நான் கம்பு வச்சிருக்கிற ஆள்தான்."

அந்த இடைவெளிதான் இந்தப் பதிவின் விஷயம். கல்கத்தாவில் இருக்கும் நம்மவர்களுக்கு இதில் ஒரு வசதி. சியால்டாவில் லோக்கல் ரயில் ஏறினால் அந்தச் சரித்திரத்தில் பாதியை ஜன்னல் வழியாகவே பார்த்துவிடலாம்.

முதலில் தம்தம். 1857 ஜனவரியில் புது என்ஃபீல்ட் துப்பாக்கிக்கான தோட்டா பற்றிய வதந்தி கிளம்பியது இங்கேதான். அன்றைய தோட்டா ஒரு காகிதப் பொட்டலம். உள்ளே வெடிமருந்து, கூடவே ஈயக் குண்டு. பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டி, குண்டைக் கம்பியால் இடித்து இறக்கணும். குழலுக்குள் சுருள் வரிகள் இருந்ததால் குண்டு வழுக்கி இறங்கக் கொழுப்பு தடவினார்கள். அது பசுவா, பன்றியா என்பதுதான் பிரச்சினை. கையால் கிழித்தால் போதும் என்று பிறகு விதியை மாற்றியும் நம்பிக்கை திரும்பவில்லை.

அடுத்து பாரக்பூர். மார்ச் 29-ல் மங்கள் பாண்டே துப்பாக்கி எடுத்தது இங்கே. ஏப்ரல் 8-ல் தூக்கு. ஏப்ரல் 24-ல் மீரட்டில் 90 பேரில் 85 பேர் தோட்டாவைத் தொட மறுத்தார்கள். மே 10-ல் எழுச்சி வெடித்தது. நம் ஊர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. 1806-ல் வேலூரில் தலைப்பாகையும் அதில் செருகிய தோல் குஞ்சமும் செய்த வேலையும் இதுதானே. ஆயுதத்தோடு வரும் சின்னச் சாமானை அதிகாரிகள் சின்னதாகவே நினைத்துவிடுகிறார்கள்.

பாரக்பூர் தாண்டி பல்தா, அதற்கடுத்து இச்சாப்பூர். 1904-ல் தொடங்கிய ரைஃபிள் தொழிற்சாலை இருக்கும் ஊர். இங்கே செய்த .303 லீ என்ஃபீல்டின் கதை போயர் யுத்தத்தில் (1899-1902) ஆரம்பிக்கிறது. போயர்களிடம் இருந்த மௌசர் துப்பாக்கியில் ஒரு கிளிப்பில் கோத்த ஐந்து தோட்டாவை ஒரே அழுத்தில் இறக்கிவிடலாம். பிரிட்டிஷ் சிப்பாய் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டிருந்தான். அடி வாங்கிய பிறகு, 1903-ல் வந்த புது மாடலில் அவர்களும் ஐந்து ஐந்தாக நிரப்பும் வசதி வைத்தார்கள். மேகஸினில் பத்து தோட்டா. தேறிய சிப்பாய் நிமிடத்துக்குப் பதினைந்து முறை குறிபார்த்துச் சுடணும் என்பது அன்றைய பயிற்சி அளவு.

இங்கே ஒரு திருத்தம். மகளின் விதிப் புத்தகம் மேகஸினையே கிளிப் என்கிறது. ரெண்டும் வேறு. நம் தொழில் பாஷையில் சொன்னால், நூறு நோட்டைச் சுற்றிய காகிதப் பட்டைதான் கிளிப். கேஷியரின் டிராயர்தான் மேகஸின்.

ஸ்பீட் லோடர் ரிவால்வருக்கானது. ஆறு தோட்டாவையும் வட்டமாகப் பிடித்து ஒரே சமயத்தில் இறக்கும். 1970 ஏப்ரலில் கலிஃபோர்னியாவின் நியூஹால் என்ற இடத்தில் நெடுஞ்சாலைப் போலீசார் நான்கு பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதில் ஒருவர், காலியான ரிவால்வரில் ஒவ்வொரு தோட்டாவாகப் போட்டு முடிக்கும் நேரத்தில் உயிரை விட்டார். அதன் பிறகுதான் அந்தப் படைக்கு ஸ்பீட் லோடர் வந்தது.

நம் கணக்கும் லேசானதில்லை. 1962-ல் சீன எல்லையில் நம் ஜவான்கள் நின்றது, ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டை இழுக்க வேண்டிய .303-ஓடு. எதிரில் இருந்தவர்கள் கையில் தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் துப்பாக்கி. அதற்குப் பிறகுதான் இருபது தோட்டா மேகஸினோடு நம் எஸ்.எல்.ஆர். இச்சாப்பூரில் இருந்து வந்தது. 2008 நவம்பர் 26 இரவு மும்பை சி.எஸ்.டி. ஸ்டேஷனில், ஏ.கே. ரகத் துப்பாக்கிகளுக்கு எதிரே நம் போலீஸ்காரர்கள் சிலர் கையில் இருந்தது அதே .303. சிலரிடம் வெறும் லத்தி. ஆயுதம் மட்டுமே காரணம் என்று சொல்லமாட்டேன். பயிற்சியும் தகவலும் வேண்டும். ஆனாலும் அந்தக் கம்பு வச்சிருக்கிற நேரத்தில் நின்றவர்கள் அவர்கள்தான்.

எல்லாம் கேட்டுவிட்டு மகள் பேசாமல் லோடரை வாங்கிக்கொண்டாள். விளையாட்டில் அது இருந்தால் முழு ரிவால்வரும் ஒரே செயலில் நிரம்பும். இல்லாவிட்டால் கைவேகத்துக்கு ஏற்பச் சில தோட்டாதான். "அதுக்குள்ள என்னைச் சுட்டா, வேற ஆளை உருவாக்கி ஆடுவேன்ப்பா" என்றாள் சிரித்தபடி.

மறுநாள் கிளையில் மாதாந்திரத் தோட்டா எண்ணிக்கை. வழக்கமாகப் பதிவேட்டைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டுவிடுவேன். அன்றைக்கு ஒவ்வொன்றாக என் கையாலேயே எண்ணினேன். காவலாளி ஆச்சரியமாகப் பார்த்தார். "எல்லாம் சரியா இருக்கா சாப்?" என்றார்.

எண்ணிக்கை சரியாகத்தான் இருந்தது.