கல்லாற்றுக் கனிமரமும் நடுவட்டத்து மருந்து மரமும்

தோட்டத்து வரப்பில் பத்து மரங்கள் வைக்க இடம் இருக்கிறது. பழமரம் வைப்பதா, மருந்து மரம் வைப்பதா? கோபிசெட்டிபாளையம் பகுதி உழவர்கள் பலர் கேட்கும் கேள்வி இது. மாவும் கொய்யாவும் ஒரு பக்கம், வேம்பும் நெல்லியும் மறுபக்கம் என்று வாதம் நடக்கும். ஆனால் இதே கேள்விக்கு நம் அண்டை மலையில் நூறாண்டுகளுக்கும் மேலாக ஒரு பெரிய சோதனை நடந்து முடிந்திருக்கிறது என்பதைப் பலர் அறியார்.

தடப்பள்ளி, அரக்கன்கோட்டை வாய்க்கால்களில் ஓடிவரும் பவானி நீரில் நீலகிரியில் பெய்த மழையும் கலந்திருக்கிறது. மோயாறும் கல்லாறும் அதைக் கொண்டுவந்து சேர்க்கின்றன. அந்த மலையின் உச்சிப் பகுதியில் தென் அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு மருந்து மரமும், அடிவாரத்தில் மலேயாவிலிருந்து வந்த ஒரு கனிமரமும் ஊன்றப்பட்டன. முன்னது சிங்கோனா, பின்னது மங்குஸ்தான். இரண்டின் வரலாற்றையும் ஒப்பிட்டுப் பார்ப்போம்.

மருந்து மரம் வந்த கதை

முறைக்காய்ச்சல் எனப்படும் மலேரியா பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவின் பெரும் கொள்ளைநோய்களுள் ஒன்று. அதற்கு அன்று உறுதியான மருந்து ஒன்றுதான்: ஆண்டிஸ் மலைக் காடுகளில் வளரும் சிங்கோனா மரத்தின் பட்டை. 1820-இல் பெல்லத்தியே, காவெந்து என்ற இரு பிரெஞ்சு வேதியியலார் அப்பட்டையிலிருந்து குயினைனைப் பிரித்தெடுத்தனர். நம் பாட்டிமார் ‘கொயினா’ என்று முகம் சுளித்துச் சொன்ன கசப்பு மருந்து அதுவே.

காட்டு மரங்களை வெட்டிக்கொண்டே போனால் மருந்து எத்தனை நாளைக்கு வரும்? இந்தியாவிலேயே அம்மரத்தை வளர்க்க எண்ணிய பிரிட்டிஷ் அரசு, 1859-இல் கிளமெண்ட்ஸ் மார்க்கம் என்பவரைத் தென் அமெரிக்காவுக்கு அனுப்பியது. அவர் கண்ணாடிப் பெட்டிகளில் கொண்டுவந்த கன்றுகள் செங்கடல் வெப்பத்தைத் தாங்காமல் ஏறத்தாழ முழுவதும் பட்டுப்போயின. ரிச்சர்டு ஸ்புரூஸ் ஈக்வடாரில் திரட்டிய சிவப்புப்பட்டைச் சிங்கோனாவின் கன்றுகளை ராபர்ட் கிராஸ் 1861 ஏப்ரலில் உதகமண்டலத்தில் உயிருடன் சேர்த்தார். நீலகிரி அன்று கோவை மாவட்டத்தைச் சேர்ந்தது. 1868-இல்தான் தனியாகப் பிரிந்தது. ஆகவே சிங்கோனா முதலில் வேர்விட்டது நம் பழைய மாவட்டத்தில்தான் எனலாம்.

உதகைத் தாவரவியல் பூங்காவை உருவாக்கிய வில்லியம் கிரகாம் மக்கைவர் கன்றுகளைப் பொறுப்பேற்றார். கண்ணாடி வீட்டில் பெருக்கி, தொட்டபெட்டாவிலும் நடுவட்டத்திலும் நட்டார். நடுவட்டத் தோட்டத்தில் வேலை செய்தோருள் மலாக்கா நீரிணைப் பகுதியிலிருந்து கொண்டுவரப்பட்ட சீனக் கைதிகளும் இருந்தனர்.

வெயிலா, நிழலா?

நட்டவுடன் ஒரு சிக்கல் எழுந்தது. சிங்கோனா காட்டு மரம். எனவே பெருமரங்களின் நிழலில்தான் வளரும் என்று டச்சுக்காரர்கள் ஜாவாவில் கருதினர். அங்கே யுங்ஹூன் என்ற அறிஞர் காட்டு நிழலிலேயே கன்றுகளை நட்டார். மக்கைவர் மாறாகத் திறந்த வெளியில், வெயில் படும்படி நட்டார். அவருடைய மரங்கள் செழித்தன. ஜாவாவில் நடந்த பிழை இதோடு நிற்கவில்லை. அவர்கள் லட்சக்கணக்கில் பெருக்கிய இனத்தின் பட்டையில் குயினைன் மிகச் சொற்பமே இருந்தது. மரம் வளர்ந்தது; மருந்து வளரவில்லை!

மக்கைவர் இன்னொரு நுட்பமும் கண்டார். மரத்தை வெட்டாமல், பட்டையை நீளவாக்கில் நாடாப் போல் உரித்து, உரித்த இடத்தைப் பாசியால் மூடிக் கட்டினார். புதுப்பட்டை வளர்ந்தது. அதில் மருந்துச் சத்து பெரும்பாலும் முன்னைவிடக் கூடுதலாகவே இருந்தது.

கனிமரம் வந்த கதை

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் செல்லும் மலைப்பாதையில் முதலில் கல்லாறு, பிறகு பர்லியாறு. பர்லியாற்றில் ஒரு பழத்தோட்டத்தைத் தொடங்கியவர் கோவைக் கலெக்டராக இருந்த ஈ. பி. தாமஸ். அது 1871-இல் அரசுத் தோட்டமாயிற்று. கல்லாற்றுத் தோட்டம் 1900-இல் தொடங்கப்பட்டது. மங்குஸ்தான், துரியன், ரம்புட்டான், சாதிக்காய், கிராம்பு முதலிய கீழ்த்திசை மரங்கள் இவ்விரு தோட்டங்களிலும் வளர்க்கப்பட்டன.

மங்குஸ்தான் குடம்புளியின் இனத்தைச் சேர்ந்தது. கரும் ஊதா நிறத் தடித்த தோல். உள்ளே பால் போன்ற வெண்சுளைகள். பழத்தின் அடியில் பூப்போன்ற ஓர் அடையாளம் இருக்கும். அதன் இதழ்களை எண்ணினால் உள்ளே எத்தனை சுளை என்று தோலைப் பிளக்காமலே சொல்லிவிடலாம். மாணவர்கள் செய்து பார்க்கட்டும்.

சிங்கோனா வெயிலை விரும்பியது போல மங்குஸ்தான் விரும்புவதில்லை. முதல் சில ஆண்டுகள் அதற்கு நிழல் வேண்டும்; வேரடியில் எப்போதும் ஈரம் வேண்டும்; காற்றிலும் ஈரப்பதம் வேண்டும். மலையடிவாரத்து ஓடைக்கரைகளில் இவை மூன்றும் கிடைத்தன. கோபி வட்டாரத்தின் ஆண்டு மழை சுமார் 700 மில்லி மீட்டர். வாய்க்கால் பாசனம் வேரை நனைக்கும். வறண்ட கோடைக் காற்றை யார் நனைப்பது? ஆகவே ஒரே மலையின் நீரைக் குடித்தும், நம் ஊர்த் திறந்த வெளி மங்குஸ்தானுக்கு ஏற்றதன்று. குளிர்ச்சியை நாடும் சிங்கோனாவுக்கோ இவ்வூர் இன்னும் பொருந்தாது.

விதையில் உள்ள வேற்றுமை

இரு மரங்களின் தலைவிதியையும் நிர்ணயித்தது விதைதான். சிங்கோனா விதை தூசு போன்றது. ஒரு கிராமில் சுமார் 3,000 இருக்கும். சட்டைப் பையில் ஒரு காட்டையே கடத்தலாம். ஆனால் சிங்கோனா இனங்கள் ஒன்றோடொன்று எளிதில் கலந்துவிடும். தாய் மரத்தில் மருந்து மிகுதியாக இருந்தாலும் சேய் மரத்திலும் இருக்கும் என்று நம்ப முடியாது. ஒவ்வொரு மரத்தின் பட்டையையும் சோதனைச்சாலையில் ஆய்ந்துதான் தெரிந்துகொள்ள வேண்டும்.

மங்குஸ்தான் விதையோ பெரியது, உலர்ந்தால் செத்துவிடும், பழத்திலிருந்து எடுத்த சில நாட்களில் விதைத்தாக வேண்டும். ஆனால் அது மகரந்தச் சேர்க்கையின்றியே உருவாகும் விதை. எனவே சேய் மரம் தாயின் நகலாகவே இருக்கும். 8 முதல் 10 ஆண்டுகள், சில வேளை அதற்கு மேலும், காத்திருப்பவருக்குத் தாய் தந்த அதே சுவையைத் தரும். இந்த மரம் கேட்பது பொறுமையை. சிங்கோனா கேட்பது சோதனையை.

ஒரு ராத்தல் விதை

பொலிவியாவில் மானுவல் இங்க்ரா மமானி என்ற பழங்குடியினர், சார்லஸ் லெட்ஜர் என்ற வணிகருக்காகச் சிறந்த மரங்களின் விதையைத் திரட்டினார். அதற்காகவே பின்னர் சிறையில் அடித்து வதைக்கப்பட்டு மாண்டார். அந்த விதையை லண்டன் அரசு வாங்க மறுத்தது. 1865-இல் டச்சு அரசு ஏறத்தாழ ஒரு ராத்தல் வாங்கியது. அதில் முளைத்த மரங்களின் பட்டையில் 10 சதவீதத்துக்கும் மேல் குயினைன் இருந்தது. முன்பு தவறிய டச்சுக்காரர்கள் இம்முறை ஒவ்வொரு மரத்தையும் சோதித்து, சிறந்தவற்றைச் சிவப்புப்பட்டை மரத்தின் அடிக்கன்றில் ஒட்டுக்கட்டிப் பெருக்கினர். இரண்டாம் உலகப்போருக்கு முன் உலகச் சிங்கோனாப் பட்டையில் 90 சதவீதத்துக்கும் மேல் ஜாவாவிலிருந்தே வந்தது.

நீலகிரியின் சிவப்புப்பட்டை மரத்தில் குயினைன் குறைவு. அதன் உடன்பிறப்புகளான பிற ஆல்கலாய்டுகள்தாம் மிகுதி. இவை பயன்படுமா என்று 1866 முதல் 1868 வரை சென்னை, வங்காளம், பம்பாய் மாகாணங்களில் மருத்துவர்கள் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தனர். நான்கு ஆல்கலாய்டுகளும் காய்ச்சலைத் தணித்தன. தூய குயினைனை வாங்க முடியாத ஏழைக்கு, ‘மட்டமான’ பட்டையின் கலவை மருந்தே போதும் என்று ஆயிற்று. 1892 முதல் வங்காளத்தில் அஞ்சல் நிலையங்களிலேயே குயினைன் பொட்டலம் காலணாவுக்கு விற்கப்பட்டது.

தேவை எவ்வளவு அருகில் இருந்தது என்பதற்கு ஒரு சான்று. 1897-இல் உதகைக்கு வந்த ரொனால்டு ராஸ், மலைச்சரிவிலுள்ள கல்லட்டியில் தங்கியபோது தாமே மலேரியாவில் விழுந்தார். அதே ஆண்டு ஆகஸ்டில் செகந்திராபாத்தில், கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார்.

மரத்தை வென்ற சோதனைச்சாலை

1880-களில் இலங்கைத் தோட்டங்களிலிருந்து பட்டை மலை மலையாக வந்து குவிந்தது. விலை சரிந்தது. தோட்டக்காரர்கள் சிங்கோனாவைப் பிடுங்கிவிட்டுத் தேயிலை நட்டனர். 1942-இல் ஜாவா ஜப்பான் வசமானபோது குயினைனுக்கு உலகெங்கும் தட்டுப்பாடு ஏற்பட்டு, மீண்டும் மவுசு வந்தது. ஆனால் 1934-இல் ஜெர்மனியில் ஆண்டர்சாக் உருவாக்கிய குளோரோகுயின் போருக்குப் பின் பரவியது. அது தொழிற்சாலையில் செய்வது. பிறகு அதையும் எதிர்க்கும் கிருமிகள் தோன்றவே, சீனாவின் டூ யூயூ 1972-இல் ஒரு மூலிகைச் செடியிலிருந்து ஆர்டிமிசினினைப் பிரித்தார். 2015-இல் நோபல் பரிசு பெற்றார். சிங்கோனா பின்னுக்குப் போயிற்று. இன்று நடுவட்டத்தில் கண்ணுக்குப் படுவது தேயிலை.

மங்குஸ்தானுக்கு இந்தக் கதி நேரவில்லை. காரணம் எளிது. மருந்து மரத்தில் நாம் வாங்குவது ஒரு வேதிப்பொருளை. அதை வேறு வழியில் செய்ய முடிந்தால், அல்லது அதைவிட நல்லது கிடைத்தால், மரத்துக்கு வேலை இல்லை. கனிமரத்தில் வாங்குவது பழத்தையே. அதைச் செய்யும் தொழிற்சாலை மரம் ஒன்றுதான்.

அப்படியானால் சிங்கோனாவை நட்டது வீண் வேலையா? இல்லை. கனிமரம் நாவுக்கு இனிமை தந்த காலத்தில், இந்தக் கசப்பு மரம் உயிர்களைக் காத்தது. தன் வேலையை முடித்துவிட்டு ஒதுங்கிய மரம் அது.

நமது தோட்டத்து உழவர் இதிலிருந்து பெறும் பாடம் என்ன? பழமரம் வைக்கும் முன் மண், நீர், காற்று, நிழல் ஆகியவற்றைக் கேளுங்கள். காத்திருக்க எத்தனை ஆண்டுகள் உண்டு என்று உங்களையே கேளுங்கள். மருந்து மரம் வைக்கும் முன் இவற்றோடு இன்னும் மூன்று கேள்விகள்: இது சரியான இனம்தானா? இதில் மருந்துச் சத்து எவ்வளவு என்று சோதித்தது யார்? மரம் வளர்ந்து முடிக்கும் நாளில் இதை வாங்குபவர் இருப்பாரா? ‘மருந்து மரம்’ என்ற பெயரை மட்டும் நம்பிக் கன்று வாங்குவோர், ஜாவாவில் லட்சக்கணக்கில் வளர்ந்தும் மருந்து தராத அந்த மரங்களை ஒருமுறை நினைத்துக்கொள்வது நல்லது.