மலையேறிய டிரவுட்டும் கண்மாய் விராலும்

கோவில்பட்டி, எட்டயபுரம், விளாத்திகுளம் வட்டாரக் கரிசல் பூமியில் வற்றாத ஆறு கிடையாது. வைப்பாறு கூட ஆண்டின் பெரும்பகுதி மணலாகத்தான் கிடக்கும். ஆகவே இங்கே மீன் என்றால் கண்மாய் மீன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் பெருகினால் மீன் உண்டு. கோடையில் தண்ணீர் முழங்கால் அளவுக்கு இறங்கியதும் ஊத்தாவும் வலையுமாக ஊரே இறங்கிப் பிடித்துவிடும். சிறுவர்கள் மட்டும் மண்புழுவைக் கோர்த்துத் தூண்டில் போட்டுக் கரையில் காத்திருப்பார்கள்.

தூண்டில் தமிழுக்குப் புதிதன்று. மதுரை நக்கீரர் பாடிய அகநானூற்று 36ஆம் பாடலில், வளைந்த இரும்பில் கோத்த இரையை விழுங்கிய வரால் ஒன்று, ஆம்பல் இலையைக் கிழித்துக் குவளை மலரைச் சிதைத்துக்கொண்டு பாய்கிறது. அந்த வராலைத்தான் நாம் விரால் என்கிறோம். இந்த மீனைத் தன் நிலத்தில் வைத்திருந்த மதராஸ் மாகாணம், பல்லாயிரம் மைல் தொலைவிலிருந்து வேறொரு மீனைக் கொண்டுவர ஏறத்தாழ அரை நூற்றாண்டு பாடுபட்டது. அதுவே டிரவுட்.

நீலகிரியின் குளிர்ந்த ஓடைகள் ஆங்கிலேயருக்குத் தம் நாட்டை நினைவூட்டின. ஆனால் அவற்றில் தூண்டில்காரர் விரும்பும் பெரிய மீன் இல்லை. அவர்களது விளையாட்டு, இறகையும் பட்டு நூலையும் கொக்கியில் சுற்றிப் பூச்சிபோல் ஜோடித்து நீர்மேல் வீசுவது. ஃப்ளை பிஷிங் என்பார்கள். பொய்ப் பூச்சிக்கு எடை இல்லை என்பதால் கயிற்றின் எடையைக் கொண்டே வீச வேண்டும். அதற்கு ஏற்ற மீன், மேலே மிதக்கும் பூச்சியை எழும்பிக் கவ்வும் டிரவுட்.

ராணுவ மருத்துவரும் மீனியல் அறிஞருமான பிரான்சிஸ் டே 1863இல் டிரவுட் முட்டைகளை இங்கிலாந்திலிருந்து வரவழைக்க முயன்று தோற்றார். வெப்பக் கடல்களைக் கடந்து முட்டை உயிரோடு வந்து சேருவது எளிதாயில்லை. மதராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ் இந்தியத் தூண்டில்கலை பற்றி 1873இல் ஒரு புகழ்பெற்ற நூல் எழுதினார். அவரே 1887இல் ஏரி, குளங்களில் தூண்டில் போடுவது பற்றித் தனி நூல் ஒன்றையும் எழுதினார் என்பது குறிப்பிடத்தக்கது. நம் குளத்து மீனின் அருமை தெரிந்த ஆங்கிலேயரும் இருந்தனர்.

1907இல் சர் பிரெடரிக் நிக்கல்சனின் பொறுப்பில் மதராஸ் மீன்வளத்துறை உருவானது. அதே ஆண்டில் எச்.சி. வில்சனின் முயற்சியால் உதகைக்கு அருகே அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிப்பகம் அமைந்தது. நிலைத்தது இங்கிலாந்தின் பழுப்பு டிரவுட் அன்று. வட அமெரிக்காவின் பசிபிக் கரையைச் சேர்ந்த வானவில் டிரவுட்.

பிறகு அணைகள் வந்தன. அமெரிக்காவில் அணையும் டிரவுட்டும் நெருங்கிய உறவினர். ஆழமான நீர்த்தேக்கத்தின் அடிநீர் குளிர்காலக் குளிரைக் கோடையிலும் காத்து வைக்கும். அதைத் திறந்துவிட்டால் கீழே ஆறு ஜில்லென்று ஓடும். ஆர்கன்சா மாநிலத்தின் வொய்ட் ஆற்றில் 1951இல் புல் ஷோல்ஸ் அணை முடிந்தபின் அந்தக் குளிரைத் தாங்காத சொந்த மீன்கள் குறைந்தன. அரசு டிரவுட்டை விட்டது. இன்று அது பேர்போன தூண்டில் ஆறு.

நீலகிரியில் நடந்ததோ நேர்மாறு. கனடாவின் கொழும்புத் திட்ட உதவியோடு அமைந்த குந்தா மின்திட்டத்தில் அவலாஞ்சி, எமரால்டு அணைகள் எழுந்தன. தேங்கிய நீர் ஆற்றுக்குத் திரும்பாமல் சுரங்கம் வழியே மின்நிலையத்துக்குப் போயிற்று. பழைய ஓடைகளில் ஒரு பகுதி மூழ்கியது. அணைக்குக் கீழே நீர் குன்றியது. டிரவுட் ஏரிகளிலும் அவற்றில் வந்து விழும் ஓடைகளிலும் ஒதுங்கியது.

பாபநாசம், மணிமுத்தாறு அணைகளின் கீழே டிரவுட் வாழாதா என்று நம் பக்கத்தவர் கேட்கலாம். வாழாது. நம் சமவெளிக்குக் குளிர்காலமே இல்லாதபோது அடிநீர் எந்தக் குளிரைச் சேமிக்கும்? இருபது பாகை செல்சியசைத் தாண்டினாலே டிரவுட்டுக்குத் திண்டாட்டம்.

இந்த இயலாமைதான் நம்மைக் காத்தது எனலாம். உலகின் மோசமான நூறு அந்நிய உயிரினங்கள் என்று இயற்கைப் பாதுகாப்பு அறிஞர்கள் தொகுத்த பட்டியலில் வானவில் டிரவுட்டும் உண்டு. ஆயினும் நூறாண்டு கடந்தும் அது தென்னகத்தின் சில உயர்மலை நீர்நிலைகளைத் தாண்டவில்லை. வெப்பமே அதற்கு வேலி.

சமவெளிக்கு வந்த அந்நிய மீனுக்கு அப்படி ஒரு வேலி இல்லை. 1952இல் ஆப்பிரிக்கத் திலேப்பியா இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டது. நம்மவர் அதற்கு ஜிலேபிக் கெண்டை என்று பெயர் வைத்தனர். டிரவுட் துரைமார் பொழுதுபோக்குக்கு வந்தது; ஜிலேபிக் கெண்டை ஏழையின் பசிக்காக வந்தது. நோக்கத்தில் இரண்டாவதே மேலானது. விளைவில் அப்படிச் சொல்ல முடியவில்லை. சூட்டுக்கு அஞ்சாமல், குஞ்சுகளை வாயில் அடைகாத்துப் பெருகும் அந்த மீன் இரைக்கும் இடத்துக்கும் நாட்டு மீன்களோடு போட்டியிடுகிறது. குத்தகைக் கண்மாய்களிலோ வடக்கத்திக் கட்லாவும் ரோகுவும் விடப்படுகின்றன. எடை கூடும், காசு வரும் என்பதே கணக்கு.

விரால் கரிசலுக்கென்றே அமைந்த மீன். காற்றை நேரடியாகச் சுவாசிக்கும். கண்மாய் வற்றும்போது ஈரச் சேற்றில் புதைந்து அடுத்த மழைவரை உயிர் பிடித்திருக்க வல்லது. அதற்குப் பொரிப்பகமும் வேண்டாம், குளிர்நீரும் வேண்டாம். கண்மாயில் ஆழமான ஒரு பள்ளமும் கொஞ்சம் சேறும் மிஞ்சினால் போதும். சீமைக் கருவேலம் அடைத்த கண்மாய்களில் அதுவும் அரிதாகி வருகிறது.

டிரவுட்டுக்காகக் கடல் கடந்து முட்டை சுமந்தவர்களின் விடாமுயற்சி வியப்புக்குரியது. அதில் பத்தில் ஒரு பங்கு கண்மாய் தூர்வாருவதிலும், குத்தகை விடுமுன் அங்கே முன்பிருந்த மீன் எது என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்பதிலும் செலவானால், நக்கீரர் கண்ட வரால் நம் பேரப்பிள்ளைகளின் தூண்டிலுக்கும் கிடைக்கும்.