கொள்ளுப்பிட்டித் தோட்டமும் ஐப்பசி மழையும்

இங்கிலாந்தில் புரட்டாசி மாதம் இலையுதிர் காலத்தின் தொடக்கம். உறைபனி வருமுன் செடிகளைக் காக்கத் தோட்டக்காரர் விரைவர். கொள்ளுப்பிட்டியிலோ அது நடுகைக்கு ஆயத்தம் செய்யும் காலம். தென்மேற்குப் பருவக்காற்று தணிந்து, ஐப்பசியின் மாலை இடிமழை தொடங்குமுன் குழி தோண்டி, மக்கிய சாணமும் இலைச்சருகும் இட்டு, வடிகாலைத் துப்புரவு செய்தல் வேண்டும்.

கொள்ளுப்பிட்டிக்கு அயலிலுள்ள கொம்பனித்தெருவில், சேர் ஜோசப் பாங்ஸின் ஆலோசனைப்படி, 1810ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் ஒரு தாவரத் தோட்டம் அமைத்தனர். இலண்டன் தோட்டத்தின் பெயரையே சூட்டிக் 'கியூ' என்றனர். பெயரைக் கப்பலேற்றிக் கொணர்ந்தனர். பருவத்தைக் கொணர இயலுமோ? இங்கே நடுகைக்கு நாள் குறிப்பது மழையே. அத்தோட்டம் 1813இல் களுத்துறைக்கும், 1821இல் பேராதனைக்கும் பெயர்ந்தது. கியூ வீதி என்னும் பெயர் மட்டும் இங்கு எஞ்சியுள்ளது.

பருவமறிதல் வெறும் பொழுதுபோக்கன்று என்பதை 1942ஆம் ஆண்டு உணர்த்திற்று. மார்ச்சில் இரங்கூன் வீழ்ந்தது. பர்மா அரிசியின் வரவு நின்றது. ஏப்ரல் 5ஆம் நாள் கொழும்பின்மேல் குண்டுகள் விழுந்தன. அரிசி பங்கீட்டுக்கு உள்ளாயிற்று. உணவுப் பயிர் செய்யுமாறு அரசாங்கம் மக்களை வேண்டிற்று. வேலியோரத்து மரவள்ளியும் கீரையும் அன்று அலங்காரமல்ல, சோற்றுக்குத் துணை.

இன்று கொள்ளுப்பிட்டியில் மாடிக் கட்டடங்களே மிகுதி. எனினும், முற்றத்தில் ஒரு சாண் நிலமேனும் உடையோர் நினைவிற் கொள்க: புரட்டாசியில் மண்ணைப் பண்படுத்தாதவனுக்கு ஐப்பசி மழை வெறும் வெள்ளமே.