காற்றில் வரும் கரண்டுக்குக் கரி போட்டது யார்?

காற்றில் பரவும் ரேடியோ அலையை ஆன்டெனாவால் பிடித்து மின்சாரமாக்குவதைப் புதுக் கண்டுபிடிப்பாகப் பலர் பேசுகிறார்கள். அதற்கு நூறு வயது தாண்டிவிட்டது. 1895இல் கல்கத்தா டவுன் ஹாலில் ஜகதீஷ் சந்திர போஸ் சுவருக்கு அப்பால் அலையை அனுப்பி மணி அடிக்க வைத்தார். ஆனால் மணியை அடித்த சக்தி அங்கேயே இருந்த பேட்டரியுடையது. அலை சுவிட்சைத் தட்டியதோடு சரி. அவர் 1901இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்த கருவியில் கலீனா என்ற ஈயத் தாதுப் படிகம் இருந்தது. அதே படிகத்தை வைத்துப் பின்னாளில் வந்த கிரிஸ்டல் செட்தான் நிஜமான அறுவடை: நீண்ட ஏரியல், ஒரு சுருள், படிகத்தைத் தொடும் மெல்லிய கம்பி, ஹெட்போன். நிலையத்திலிருந்து வந்த அலையே காதில் ஒலியாயிற்று. அந்த ஒலிக்கு ஒரு மைக்ரோவாட்டே தாராளம். ஆனால் நிலையம் பக்கத்தில் இருக்க வேண்டும். 1924இல் மதராஸ் ரேடியோ கிளப் ஒலிபரப்பத் தொடங்கியபோது அதன் சக்தி 40 வாட். ஏறத்தாழ இருநூறு கிலோமீட்டர் தள்ளியிருந்த நெய்வேலியை ஒட்டிய வடக்குத்துப் பக்கத்துச் செம்மண் காட்டுக்கு, எவ்வளவு நீளமான ஏரியல் கட்டினாலும், அதில் என்ன மிஞ்சியிருக்கும்?

அலையில் வரும் மின்சாரம் இலவசம் என்ற எண்ணம் இந்த இடத்தில்தான் உடைகிறது. அது எங்கோ ஒருவர் செலவழித்ததில் சிந்திய பங்கு. தூரம் இரட்டித்தால் அந்தப் பங்கு கால்வாசியாகிவிடும். அப்படிச் செலவாகும் மின்சாரம் பிறக்கும் இடங்களில் ஒன்று அதே நெய்வேலி. அங்கே 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி தலைகாட்டியது. 1956இல் அதை வெட்டியெடுக்க நிறுவனம் அமைந்தது. 1962இல் சோவியத் உதவியுடன் அனல்மின் நிலையத்தின் 50 மெகாவாட் முதல் அலகு ஓடியது. இங்கிருந்து மின்தொகுப்புக்குப் போன மின்சாரத்தில் ஒரு துளிதான் வானொலிக் கோபுரங்களில் ஏறி அலையாகப் பரவியது. அதைத் திரும்பப் பிடித்து, கரிக்கு மாற்று என்று சொல்வது கணக்குக்கு ஒவ்வாது.

அமெரிக்காவின் வில்லியம் பிரவுன் 1964இல் மைக்ரோ அலையால் குட்டி ஹெலிகாப்டரைப் பறக்கவிடவில்லையா என்று கேட்கலாம். பறக்கவிட்டார். 1975இல் கோல்ட்ஸ்டோனில் ஒன்றரைக் கிலோமீட்டருக்கு அப்பால் 30 கிலோவாட்டுக்கு மேல் எடுத்தும் காட்டினார்கள். ஆன்டெனாவில் விழுந்ததில் 80 சதவீதத்துக்கு மேல் மின்சாரமாயிற்று. அந்தப் பொறியியல் அபாரம்தான். ஆனால் அங்கே ராட்சதக் கிண்ண ஆன்டெனா ஒன்று அதற்கென்றே அலையைக் குவித்து வீசியது. இப்போது செல்போன் கோபுரங்கள் தெருவுக்குத் தெரு நிற்கின்றனவே என்பது அடுத்த வாதம். உண்மைதான், ஆனால் அந்த அலைகள் நான்கு பக்கமும் சிதறுகின்றன. அவ்வளவு மெல்லிய அலை, அதை மின்சாரமாக்கும் டயோடைச் சரியாகத் திறப்பதுகூட இல்லை; பிடித்ததிலும் பெரும்பகுதி வீணாகும். ஆன்டெனாவின் வடிவத்தை எவ்வளவு திருத்தினாலும், வந்து சேராததை அதனால் பிடிக்க முடியாது.

அப்படியானால் இந்த வித்தை பயனற்றதா? இல்லை. வடக்குத்து வழியாக ஓடும் விக்கிரவாண்டி–தஞ்சாவூர் சாலை லாரிகளின் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கில் பேட்டரி கிடையாது. சுங்கச்சாவடி ஆன்டெனா சில மீட்டர் தூரத்திலிருந்து வீசும் அலையில் அதன் சில்லு விழித்து, தன் எண்ணைச் சொல்கிறது. 2021 பிப்ரவரியில் கட்டாயமான இந்த ஏற்பாடு வெற்றி பெற்றதற்குக் காரணம், சில்லின் பசி மிகச் சிறியது, அதற்குச் சோறு போடும் ஆன்டெனா தலைக்கு மேலேயே நிற்கிறது. அந்த ஆன்டெனாவுக்கும் மாதாமாதம் கரண்ட் பில் வருகிறது.