கத்ரி கோபால்நாத்

கத்ரி கோபால்நாத் (1949–2019): கருநாடக இசையில் சாக்ஸபோனை நிலைநிறுத்திய பெருங்கலைஞர். தந்தை தனியப்பாவிடம் நாகசுரம் பயின்றவர். மைசூர் அரண்மனை பேண்டில் கேட்ட சாக்ஸபோன் அவரை ஈர்த்தது. மங்களூரில் என். கோபாலகிருஷ்ண ஐயரிடம் கற்றார், சென்னையில் டி. வி. கோபாலகிருஷ்ணன் வழிகாட்டினார். ராக் மேடைகளில் அதிகம் முழங்கும் டெனர் வகைச் சாக்ஸபோனை அல்ல, அதைவிடச் சுருதி உயர்ந்த ஆல்டோ வகையையே கைக்கொண்டார்.

சுரங்களைச் சாவிகளால் தனித்தனியே பிரிக்கும் இக்கருவியில் கமகம் எளிதன்று. ஊதுவாயில் பொருத்திய நாணல் தகட்டை உதடு அழுத்தும் அளவும் மூச்சின் விசையும் இசைந்தால்தான் ஒரு சுரம் அடுத்ததற்குள் வழுக்கிச் செல்லும். நாகசுரப் பயிற்சி இங்கே துணைநின்றது. கருவியையும் தேவைக்கேற்ப மாற்றியமைத்துக்கொண்டார். 1994இல் வெளிவந்த ‘டூயட்’ படத்தில், ஏ. ஆர். ரகுமான் இசையில் ஒலிக்கும் சாக்ஸபோன் இவருடையதே. 2004இல் பத்மஸ்ரீ பெற்றார்.